கோட்டுக்கு நேரே

6.8.86 புதன். காலை மழை. பத்து மணிக்குப் பிறகு வெளித்தது.

கோடு போட்டோம். சனிக்கிழமை முதல் ஆட்டம். இந்த நகரத்துக் கழகம் முதல் பிரிவுக்கு ஏறி விளையாடப்போகும் முதல் வருடம். இத்தனை காலத்தில் இப்படி ஒன்று நடந்ததே இல்லையாம். பாண்கடைக் கண்ணாடியில் நீலக்கொடி. தபால்காரரின் சைக்கிளில் நீலக்கொடி. எங்கள் அகதி விடுதியான ஹைம் வாசலிலும் யாரோ ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களையும் சேர்த்துக்கொண்டார்களா, வெறியில் செருகினார்களா, தெரியாது. கழற்றவில்லை.

என் வேலை: மைதானக் காப்பாளர் ஹெர் ப்ரூக்மனுக்கு எடுபிடி. ஆம்ட் என்ற அரச அலுவலகம் தந்த பொதுவேலை. அகதி விண்ணப்பம் முடியும்வரை வேறு வேலை செய்ய அனுமதி இல்லை. கூட்டுதல், வலை கட்டுதல், வெள்ளை வண்டி தள்ளிக் கோடு போடுதல். ப்ரூ. கயிறு கட்டித்தான் போடுவார். நான் கண்ணாலேயே போடுவேன். இன்று குந்தியிருந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "கெராடெ" என்றார். நேராக இருக்கிறதாம். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வருவதே பெரிய காரியம்.

கோட்டைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தானே இந்தக் கதி.

9.8.86 சனி. வெயில். நல்ல வெயில்.

0–3. தெற்கிலிருந்து வந்த பெரிய கழகம். எங்கள் பொடியள் ஓடினார்கள், ஓடினார்கள், பந்து மட்டும் அவர்களிடமே இருந்தது. ஆனாலும் கடைசிவரை சனம் பாடியது. மூன்று வாங்கிய பிறகும் பாட இவர்களால் எப்படி முடிகிறது?

ஆட்டம் முடிந்து படிக்கட்டு கூட்டியதில் கிடைத்தவை: குடை 2. ஒற்றைச் செருப்பு. பல் செட்டு (ப்ரூ. கையுறை போட்டு எடுத்தார்). காதல் கடிதம் என்று நினைக்கிறேன், பாதி கிழிந்தது. எழுத்து உருண்டையாக இருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. பிறகு போட்டேன்.

14.8.86 வியாழன்.

கடிதம் வந்தது. மாமாவிடமிருந்து.

முதலில் முகவரியைப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான். மாமாவுக்கு இங்கிலீஷ் எழுத்தில் கை நடுக்கம். அதனால் ஏரோகிராமின் வெளிப்பக்கத்தை எழுதுவது வசந்தி. உள்ளே முழுக்க மாமா. வெளியே என் பெயர், தெரு, இலக்கம், நகரம், மேற்கு ஜெர்மனி: நாலு வரி, அவள் கை. என் பெயரின் கடைசி எழுத்துக்கு ஒரு சின்ன வால் விடுவாள். அந்த வாலை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எழுதினால் என்னை விசரன் என்பார்கள். யார் படிக்கப்போகிறார்கள், எழுதுகிறேன்: இன்று பதினொரு தரம்.

உள்ளே விசயம் வேறு. மாமா எழுதுகிறார்: "மகனே, நீ அனுப்பிய படத்தைக் கழகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் ஜெர்மனியில் முதல் பிரிவுக் கழகத்தில் விளையாடுகிறான் என்று பருத்தித்துறை வரை தெரியும். நடந்ததை மறந்துவிட்டேன். வசந்தி விசயம் இனி என் பொறுப்பு."

நான் எங்கே விளையாடுகிறேன்?

அந்தப் படம் வைகாசியில் எடுத்தது; அது ஊருக்குப் போன பிறகுதான் மாமா எனக்கு எழுதத் தொடங்கினார். கழகம் ஏறிய அன்று ப்ரூ. ஒரு பழைய நீலச் சட்டை தந்தார், இலக்கம் 8. அதைப் போட்டுக்கொண்டு நடுப் புல்லில் நின்றேன், அறைத்தோழன் குணம் எடுத்தான். இங்கே எல்லோரும் செய்வதுதானே. குணம் யாருடையதோ காரில் சாய்ந்து நின்று எடுத்து அனுப்பினான். சிவராசா அண்ணை கடைக் கண்ணாடிக்குள் இருந்த டெலிவிசனுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தார். நான் பின்பக்கத்தில் "எங்கள் மைதானம்" என்று மட்டும் எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. உண்மையையும் எழுதவில்லை.

30.8.86 சனி. மப்பு, வெயில் இல்லை.

வெளியூர் ஆட்டம். 1–4. ரேடியோவில் கேட்டேன். நாலாவது கோலுக்கு வர்ணனைக்காரன் சிரித்தே விட்டான்.

மாமா "நடந்ததை மறந்துவிட்டேன்" என்கிறார். அவர் மறந்தாலும் நான் மறக்க முடியாது. எழுதி வைக்கிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி. வடமராட்சிக் கிண்ணம், கடைசி ஆட்டம். எங்கள் ஊரும் பக்கத்து ஊரும். மாமா எங்கள் கழகத் தலைவர். பதினெட்டு வருடமாக அந்தக் கிண்ணத்துக்குக் காத்திருந்தவர். நான் லைன்ஸ்மன். விளையாட ஏலாதவன், ஆனால் கண் நல்ல கண், அதனால் கொடியைத் தந்திருந்தார்கள். கடைசி நிமிடம் எங்கள் பொடியன் கோல் அடித்தான். சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். நான் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். பந்தை அடித்துக் கொடுத்த நேரத்தில் எங்கள் பொடியன் எதிராளிகள் எல்லோரையும் தாண்டி, கோல் காப்பாளனோடு கோள் சொல்லிக்கொண்டிருந்தான். ஓப்சைட். ஒரு யார்ட் அல்ல, இரண்டு யார்ட்.

கோல் இல்லை என்றார் நடுவர். பிறகு மேலதிக நேரத்தில் தோற்றோம்.

ஆறு மாதம் தேத்தண்ணிக் கடையில் எனக்குத் தேத்தண்ணி இல்லை. மாமா என் அம்மாவின் சொந்தத் தம்பி, எங்கள் படலையைத் தாண்டும்போது முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு போவார். வசந்தியை எனக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு அன்றோடு நின்றது. "ஊருக்குத் துரோகம் செய்தவனுக்கு என்ரை பிள்ளையில்லை" என்று சந்தியில் வைத்துச் சொன்னார். அதற்குப் பிறகு கலவரம், ஆமி, நான் வெளிக்கிட்டது. அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல விடவில்லை.

இப்போது ஒரு நீலச் சட்டைக்காக எல்லாம் திரும்பி வந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

20.9.86 சனி. காற்று.

வென்றோம்! 2–1. ஆறாவது ஆட்டத்தில் முதல் வெற்றி. ப்ரூ. என் தோளில் ஓர் அடி அடித்தார், இன்னும் வலி. கூட்ட வேண்டிய குப்பை மூன்று மடங்கு. ஆனால் ஒருத்தரும் சாமான் ஒன்றையும் விட்டுப்போகவில்லை, பல் செட்டுக்காரர் கூட வாயை மூடிக்கொண்டு கத்தியிருப்பார்.

படிக்கட்டில் தனியே இருந்து பாண் சாப்பிட்டேன். பக்கத்தில் அவள் இருந்தால் என்ன கேட்பாள் என்று யோசித்தேன். "ஏன் அத்தான் இந்தச் சனம் ஆளையாள் கட்டிப்பிடிக்குது?" என்று கேட்பாள். நான் விளக்குவேன். இரண்டு புள்ளி என்பேன். அவள் சிரிப்பாள். அவள் சிரிப்பு எப்படி என்று நினைத்துப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. முகம் வருகிறது, சத்தம் வரவில்லை. பயந்துபோனேன்.

8.10.86 புதன். மழை.

ஆம்டில் டெர்மின், அவர்கள் குறித்துத் தந்த நாள். எட்டரைக்கு வரச் சொல்லி, பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள். தங்கும் அனுமதியை மூன்று மாதம் நீட்டித்துத் தந்தார்கள். பிறகு மீண்டும் வர வேண்டும்.

இந்த மாவட்டத்தைத் தாண்டிப் போக அனுமதி இல்லை. ஹம் நகரத்தில் சனிக்கிழமை சித்தப்பாவின் மகனுக்குக் கலியாண எழுத்து, அதற்குப் போக அன்ட்ராக் என்ற மனு போட்டேன், மறுத்துவிட்டார்கள். வெளியூர் ஆட்டத்துக்குக் கழகச் சாமான் ஏற்றிப் போக ப்ரூ. எனக்காகப் போட்ட அன்ட்ராக் மட்டும் உடனே சரி. அதிகாரி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, கோல் காப்பாளரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "பெஸர்" என்றேன், நல்லாகிறதாம் என்று. முத்திரை குத்தினார்.

குணம்: "பார்த்தியா, உனக்கு மாப்பிள்ளை மரியாதையடா. எங்களுக்கு முழங்கால் இல்லை."

கழகமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயப்படும் சீவன்தான். அட்டவணையில் கடைசிக்கு முதல். கடைசியில் நிற்பவர்கள் வருட முடிவில் கீழே இறக்கப்படுவார்கள்.

15.11.86 சனி. குளிர். கையுறை ஒன்றைக் காணவில்லை.

மாமாவின் கடிதம். முகவரி: வால் இந்த முறை கொஞ்சம் நீளம். மை மாறியிருக்கிறது, பச்சை.

உள்ளே ஆட்ட ஆலோசனை. சிற்றலையில் ஜெர்மன் முடிவுகளைக் கேட்டு, கழகத்துக் கரும்பலகையில் எழுதி வைக்கிறாராம். "நீங்கள் நடுவால் ஏறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நடுவில் நெரிசல். இடது பக்கத்தால் ஏறச் சொல்லு. உன்னை எந்த இடத்தில் இறக்குகிறார்கள்? உன் பெயரை ரேடியோக்காரன் சொல்லவில்லையே, உச்சரிக்கத் தெரியாதோ? பனி நாட்டில் கால் விறைக்கும், நல்லெண்ணெய் பூசு."

சிவராசா அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். ஊரில் தபால் அதிபராக இருந்தவர். அறையில் அவருக்குத்தான் கட்டில், எங்களுக்கு இரட்டைத் தட்டு. கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

"சொன்னா அவர் தரமாட்டார் அண்ணை."

"சொல்லாட்டி நீங்கள் எடுக்கப்போறது ஆரை? உங்களைக் கட்ட வாற பிள்ளையையோ, எட்டாம் நம்பர்ச் சட்டையைக் கட்ட வாற பிள்ளையையோ?"

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான். நல்லெண்ணெய்க்கு எங்கே போவது என்று பேச்சை மாற்றினேன்.

10.1.87 சனி. பனி. முழங்கால் வரை.

ஆட்டம் இல்லை, விடுமுறைக் காலம். பத்துப் பேர் படிக்கட்டில் பனி வழித்தோம். மதியம் ப்ரூ. தன் கொட்டிலுக்குக் கூப்பிட்டுச் சூப் தந்தார். அவருக்கு மனைவி இல்லை, செத்து ஆறு வருடம். சுவரில் அவளுடைய எழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது: விதை, உரம், வலைக் கொளுக்கி, பால். எதற்கு இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. என்னிடம் ஏழு ஏரோகிராம் இருக்கிறது. வெளிப்பக்கம் மேலே வரும்படி அடுக்கி வைத்திருக்கிறேன்.

அவள் எழுத்தில் எனக்குத் தெரிந்தவை: 1. அவசரம் இல்லாதவள். 2. எட்டை இரண்டு வட்டமாகப் போடுவாள், ஒன்றை ஒன்று தொடாது. 3. "ஜெர்மனி"யை மட்டும் மற்றதைவிடப் பெரிதாக எழுதுவாள். ஏன்? தூரம் என்பதாலா? தபால்காரருக்கா?

எனக்கு அவள் வேண்டும். இதைத் தமிழில் எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

11.2.87 புதன். பனி கரைந்து சேறு.

மாமா: "கழகம் முதல் பிரிவில் நிலைத்தால் உன் இடமும் நிலையானது. ஆனியில் ஆட்டங்கள் முடியட்டும். கொழும்பில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு கதைத்திருக்கிறேன். காணியில் பாதியை ஈடு வைத்து வசந்தியை அனுப்புகிறேன். விமானநிலையத்துக்குக் கழகத்தின் காரில் வா. ஊருக்கு ஒரு படம் அனுப்பு."

கழகத்தின் கார்! நான் ஓட்டுவது சுண்ணாம்பு வண்டி.

இரவில் நித்திரை இல்லை. சந்தோசமா, பயமா? இரண்டும் ஒரே இடத்தில் குத்துகிறது. அவள் வருவாள். எந்தெந்த நாட்டு விமானநிலையத்திலோ எவனோ ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் தனியே நடந்து, கடைசியில் வந்து பார்ப்பாள்: நாலு பேருக்கு ஓர் அறை, மூன்று மாதத்துக்கு ஒரு முத்திரை, கையில் விளக்குமாறு. என்ன சொல்வாள்?

கழகம் தோற்க வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். கீழே இறங்கினால் பயணம் நிற்கும், நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ப்ரூவின் சூப் குடித்த வயிற்றோடு இதை நினைத்தேன். சீ.

18.3.87 புதன். வெயில், குளிர்.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பயிற்சி ஆட்டம். முதல் அணியும் இரண்டாம் அணியும். கோட்டுக் கொடி பிடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். ப்ரூ. கொட்டிலில் இருந்து மஞ்சள் கொடி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "டூ. கெராடெ" என்றார். நீதான் நேராகப் பார்ப்பவன் என்கிறார். ஏலாது என்று தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

நாலு வருடத்துக்குப் பிறகு கொடி. கால்கள் தாங்களாகவே கோட்டோடு ஓடின. மறக்கவில்லை. பந்தைப் பார்க்காமல் கடைசி எதிராளியோடு நகர வேண்டும், காதால் பந்தைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் கழகத்தின் பெரிய ஆள், எல்லோரும் பெயர் சொல்லிப் பாடும் முன்வீரன், கோல் அடித்தான். நான் கொடியைத் தூக்கியிருந்தேன். எப்போது தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. அவன் என்னை நோக்கி வந்தான். என்னைவிட ஒன்றரை அடி உயரம். கத்தினான், துப்பல் முகத்தில் பட்டது. எனக்கு ஊர் மைதானம் தெரிந்தது, மாமா வேட்டியோடு ஓடி வருவது தெரிந்தது. கொடியை இறக்கவில்லை.

பயிற்சியாளர் தூரத்தில் நின்று சொன்னார்: அவன் சொல்வது சரி, நீ ஓப்சைட், போய் விளையாடு.

அவ்வளவுதான். எல்லோரும் திரும்பிப் போய் விளையாடினார்கள். ஆறு மாதத் தேத்தண்ணியும் போகவில்லை, பெண்ணும் போகவில்லை.

கொட்டிலுக்குப் பின்னால் போய் அழுதேன். நான் விளையாட்டுக்காரன் இல்லை. கொடி பிடிப்பவன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இதை ஏன் அவளுக்கு மறைத்தேன்?

21.3.87 சனி.

உள்ளூர்ப் பேப்பரில் பயிற்சி ஆட்டத்துப் படம். பெரிய ஆள் கையை விரித்துக் கத்துகிறான். பின்னால் ஒரு மூலையில், கொஞ்சம் மங்கலாக, கொடியோடு நான். குணம் ஐந்து பிரதி கொண்டுவந்தான்.

வெட்டி எடுத்து, உறைக்குள் வைத்து, கடிதம் எழுதினேன். மாமாவுக்குத்தான், அவளுக்குத் தனியே எழுத உரிமை இல்லை. ஏழு தாள் கிழித்தேன். கடைசியில் போனது:

"மாமா, நான் இங்கே விளையாடவில்லை. மைதானம் கூட்டுகிறேன், கோடு போடுகிறேன். என் விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவில்லை. அந்தச் சட்டை இரவல் மாதிரித்தான். உங்களைத் திருத்தாமல் விட்டது என் பிழை. இந்தப் படத்தில் நிற்பதுதான் நான். வசந்தியை இதைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்குப் பிறகும் வரச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள். காணியை ஈடு வைக்க வேண்டாம். அன்றைக்கு அது ஓப்சைட்தான் மாமா. அதை மட்டும் மாற்றிச் சொல்ல மாட்டேன்."

கடைசி இரண்டு வசனத்தை எடுக்கச் சொன்னான் குணம். "இப்பவும் உனக்கு அதுதானோ முக்கியம்?" சிவராசா அண்ணை விடச் சொன்னார். விட்டேன். பெட்டிக்குள் போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுக்கலாமா என்று பார்த்தேன். வாய் சின்னது.

25.4.87 சனி. பூக்கள் வந்துவிட்டன.

1–0. கடைசியிலிருந்து மூன்றாம் இடம். நகரம் முழுக்க ஒரே கணக்கு: இவர்கள் தோற்றால், அவர்கள் சமன் செய்தால். பாண்கடைக்காரி எனக்கும் விளக்கினாள், பாணைத் தரவில்லை, கணக்கு முடியும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

கடிதம் இல்லை. கணக்குப்படி என்னுடையது போய்ச் சேர்ந்திருக்கும்.

தினமும் பத்தரைக்குத் தபால்காரர். நீலக்கொடிச் சைக்கிள் முக்கில் திரும்புவது படிக்கட்டின் மேல்வரிசையிலிருந்து தெரியும். அதனால் மேல்வரிசையைக் கூட்டக் கடைசியாக வைத்திருக்கிறேன். ப்ரூ. கவனித்திருக்கிறார். இன்று தானே மேல்வரிசைக்கு வந்து, பக்கத்தில் நின்று, சைக்கிள் ஹைம் வாசலைத் தாண்டிப் போகும்வரை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

28.5.87 வியாழன்.

ரேடியோ: வடமராட்சியில் செவ்வாய் முதல் பெரிய சண்டை. ஆமி இறங்கியிருக்கிறது. ஊர்ப் பெயர்கள் சொன்னார்கள். எங்கள் ஊரையும் சொன்னார்கள், ஒரே ஒருமுறை, மற்ற ஊர்களுக்கு நடுவில்.

தபால் இல்லை. தொலைபேசி இல்லை. ஹைமில் எட்டுப் பேர் ஒரு ரேடியோவைச் சுற்றி. குணம் பகிடி விடவில்லை.

அவள் என் கடிதத்தைப் பார்த்தாளா? மாமா காட்டினாரா? இனி அதெல்லாம் கேள்வியா? உயிரோடு இருந்தால் போதும். என்னை வேண்டாம் என்று சொல்ல உயிரோடு இருக்கட்டும்.

13.6.87 சனி. புழுக்கம்.

கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில். வென்றால் நிலைக்கலாம். சமன் என்றால் இறக்கம்.

1–1.

நான் எதிர்பார்த்தது போலச் சத்தம் ஒன்றும் இல்லை. இவ்வளவு சனம் இருந்து இவ்வளவு அமைதி. பெரிய ஆள் நடுப்புல்லில் குப்புறப் படுத்திருந்தான். பல் செட்டுக்காரராக இருக்கலாம், ஒரு கிழவர், தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு மூலையில் பாட்டுத் தொடங்கியது. இறங்கியவர்களுக்கு ஏறிய அன்றைய பாட்டு. நானும் வாயசைத்தேன். சொல் தெரியாது, மெட்டுத் தெரியும்.

பதினெட்டு நாளாக அழாதவன் இதற்கு அழுதேன். எல்லோரும் அழுததால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. வசதியாக இருந்தது.

ப்ரூவும் நானும் வலையைக் கழற்றினோம். "நெக்ஸ்டெஸ் யார்" என்றார், அடுத்த வருடம்.

24.6.87 புதன். தூறல்.

கடிதம். பத்து நாற்பதுக்கு. தபால்காரர் ஹைமைத் தாண்டி நேரே மைதானத்துக்கே வந்தார். ப்ரூ. சொல்லி வைத்திருக்கிறார்.

முகவரி: அவள் கை. என் பெயர், வால். இரண்டு வட்டத்தில் எட்டு. உள்ளே மாமா என்னைக் கிழித்து எறிந்திருப்பார் என்று தெரியும். உர மூட்டையில் குந்திக்கொண்டு பத்து நிமிடம் திறக்காமல் வைத்திருந்தேன். பிறகு கத்தியால் ஓரம் வெட்டினேன்.

உள்ளேயும் அவள் கை.

இடப்பக்கம், வலப்பக்கம், மடிப்பு, எல்லாம் அவள். முழுதாக ஒரு தாள். அப்படியே படியெடுக்கிறேன், மழையில் மை ஊறிவிடுமோ என்று பயம்:

"அத்தான், உங்கட கடிதமும் பேப்பர்ப் படமும் கிடைச்சது. ஐயா ரெண்டு நாள் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் போய்க் கரும்பலகையை அழிச்சுப்போட்டு வந்தார். இந்த முறை நான்தான் எழுதுவன் எண்டு கேட்டு வாங்கினன்.

நீங்கள் விளையாடேல்லை எண்டு எனக்கு முதலே தெரியும். முதல் படத்தில உங்கட காலிலை கிடந்தது மழைச் சப்பாத்து. ஐயா சட்டையைப் பார்த்தார். நான் சொல்லேல்லை. சொன்னா உங்களுக்குக் கடிதம் எழுதிறதை நிப்பாட்டிப்போடுவார், முகவரியும் எழுதக் கிடைக்காது.

இன்னொண்டும் இருக்கு. நாலு வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்டைக்கு நான் பொம்பிளையளோட பந்தலுக்கை இருக்கேல்லை. தங்கச்சி தண்ணி கேட்டவள் எண்டு எழும்பி வந்து, வேலிக்கரையில உங்களுக்குப் பின்னாலை, கோட்டுக்கு நேரே நிண்டனான். அது ஓப்சைட்தான். நானும் கண்டனான். ஊர் முழுக்க உங்களைத் திட்டேக்கை நான் வாயைத் திறக்கேல்லை. அதுக்கு என்னை மன்னிக்கவேணும்.

போன கிழமை ஐயாட்டைச் சொல்லிப்போட்டன். பின்னேரம் எனக்குத் தேத்தண்ணி அவரே ஊத்தித் தந்தவர்.

நான் வாறதுக்குச் சம்மதம். கார் தேவையில்லை. கொடியோட வாங்கோ, எனக்குச் சனத்துக்குள்ளை உங்களை மட்டுக்கட்ட வசதியா இருக்கும்."

அவ்வளவு. கீழே பெயர்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. கடைசி வரியில். மறந்துபோனது என்று நினைத்த அதே சத்தம்.

கடிதத்தில் தேதி 11.5. சண்டைக்குப் பதினைந்து நாளுக்கு முதல்.

25.6.87 வியாழன். வெயில்.

ரேடியோவில் புதிதாக ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து சனம் தென்மராட்சிப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னாராம், அதை இன்னொருவர் குணத்துக்குச் சொன்னாராம்.

ப்ரூ. கொட்டிலில் மஞ்சள் கொடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டார். விமானநிலையத்துக்கு என்றேன். தலையாட்டினார், விளங்கியதோ என்னவோ.

பதில் எழுதினேன். "அன்புள்ள வசந்தி" என்று தொடங்க இப்போது எனக்கு உரிமை இருக்கிறது. இரண்டு பக்கம். எல்லாவற்றையும் எழுதினேன், பல் செட்டு உட்பட. முகவரி எழுதும் இடத்தில் பேனா நின்றது. அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? வீடு இருக்கிறதா? வேறு முகவரி எனக்குத் தெரியாது. பழையதையே எழுதினேன், அவசரமில்லாமல், அவளைப் போல, எட்டை இரண்டு வட்டமாக.

ஐந்து மணிக்குப் பெட்டி திறப்பார்கள். இப்போது நாலே முக்கால். போகிறேன்.